போதும் என்று சொல்லும் வரை

பனி விழுவதில்லை. முதலில் இதைத் தீர்த்துக்கொண்டுவிடுவோம் தம்பி, பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. முன் சீட்டில் இருக்கும் உங்கள் வீட்டு அம்மணியிடம், "ஊட்டியில விடியக்காலம் எந்திரிச்சா பனி விழறதைப் பாக்கலாம்" என்று சொன்னீர்கள். என் காதில் பட்டுவிட்டது. பட்ட பிறகு என்னால் சும்மா உட்கார முடியாது.

மழை விழும். ஆலங்கட்டி விழும். பல் விழும். உறைபனி விழாது. இந்த நாட்டில் எத்தனையோ தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. அவற்றில் பலவற்றை நான் மன்னித்திருக்கிறேன். இதை மட்டும் மன்னிப்பதற்கில்லை. மேகமில்லாத இரவில் தரை தன்னிடம் இருக்கும் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுத் தானாகவே குளிர்ந்துபோகிறது. பக்கத்துக் காற்றில் இருக்கும் ஈரம் அந்தப் புல்லின் மேலேயே நேராக உறைந்து படிகிறது. மேலேயிருந்து எதுவும் வரவில்லை. யாரும் எதையும் கொட்டவில்லை. அந்த இடம் குளிர்ந்துபோயிற்று, அவ்வளவுதான். நாளைக் காலையில் குழந்தைகளுக்குக் காட்டும்போது சரியாகச் சொல்லுங்கள்.

நான் பேசுவது எழுதினது போல இருக்கிறதா? இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்த வாய். "எங்கப்பா வாயைத் தொறந்தா கேள்வித்தாள்தான் வரும்" என்று என் மகள் கேலி செய்வாள். ஒரே மகள், தேன்மொழி. கோயமுத்தூர்ப் பக்கம் துடியலூரில் வீடு. அங்கிருந்துதான் இப்போது வருகிறேன். என் மனைவியைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆமாம், என் மனைவி அங்கேதான் இருக்கிறாள். என் மகள் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்கிறாள். நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் வீடு ஊட்டிக்கு முன்னால் கேத்திப் பக்கம், பள்ளத்தில். நானும் என் மனைவி கமலவேணியும் மட்டும். தீபாவளிக்கு வந்த தேன்மொழி அம்மாவை இரண்டு நாள் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏனுங்கப்பா, அம்மா டீத்தூள் போடாமயே டீ வெக்கறாங்க. என்னைச் சித்தி பேரைச் சொல்லிக் கூப்படறாங்க. உங்க கண்ணுக்கு இதெல்லாம் படலீங்களா?" என்றாள். படாமல் என்ன? டீத்தூள் இல்லாத டீயைக் குடிப்பவன் நான்தானே. ஆனால் அதற்குக் காரணம் குளிர். குளிரில் எண்ணெய் உறையும், இன்ஜின் அடம்பிடிக்கும், மூளையும் சற்று மந்தமாகும். நான் விளக்கினேன். அவள் கேட்கவில்லை. கோயமுத்தூருக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினாள். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மறதி நோய் என்றார். ஆரம்பம் தாண்டிவிட்டது என்றார். மாத்திரை எழுதினார்.

அவரிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன்: "அவங்களுக்குப் பிடிச்சதைச் செய்யட்டும். புதுசா ஏதாச்சும் பழக்கினாலும் மூளைக்கு நல்லது. ஆனா எதையும் வற்புறுத்தாதீங்க." மூன்று வாக்கியம். நடுவாக்கியத்தைப் போல வைத்தியத்தில் உருப்படியான வாக்கியம் நான் கேட்டதில்லை. புதிதாகப் பழக்குவது. அதுதானே தம்பி என் தொழில்?

இதோ, போன். தேன்மொழிதான். இருக்கட்டும். ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது போனை எடுப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். வீட்டுக்குப் போனதும் பேசிக்கொள்ளலாம். கறிவேப்பிலைப் பையை மறந்துவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிடுவாள்.

கார்த்திகை பிறந்ததும் திட்டம் போட்டேன். குளிர்காலம் முடிவதற்குள் ஆளுக்கொரு புதுப் பொழுதுபோக்கு. எனக்கு வெப்பமானி. புல் மட்டத்தில் ஒன்று, ஆள் உயரத்தில் ஒன்று கட்டிவைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது. அருமையான பொழுதுபோக்கு, தம்பி. கமலவேணிக்கு முதலில் கேரம்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் "என்ற காய் எதுங்க?" என்று கேட்பாள். வெள்ளை என்பேன். ஒரு காய் அடித்துவிட்டு மறுபடி கேட்பாள். மறுபடி சொல்வேன். நான் ஆசிரியன், நூறு தரம் கேட்டாலும் நூறு தரம் சொல்வேன். கோபித்ததே இல்லை. குரல் கொஞ்சம் உயரும், அது வகுப்பறைப் பழக்கம். ஒரு நாள் மத்தியானம் சாம்பாரில் கரண்டியை விட்டேன், சிவப்புக் காய் வந்தது. சிவப்பைப் போட்டால் கூடவே இன்னொரு காய் போட வேண்டும் என்பது விதி. துழாவிப் பார்த்தேன். இருந்தது. ஆக, விதி மனதில் பதிந்திருக்கிறது! இதை நான் போனில் சொன்னபோது என் மகள் சிரிக்கவில்லை. அழுதாள். அவளுக்கு நகைச்சுவை குறைவு, அம்மா வழி.

அடுத்து வாட்டர் கலர். மைனா வரையச் சொன்னேன். மைனாவுக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் இருக்கும், அதைக் காட்டினேன். தாள் பூராவும் மஞ்சள் பூசிவைத்தாள். ஏன் என்றால், "வெயில் வரட்டும்னுங்க" என்றாள். அதுவும் சரிவரவில்லை.

பக்கத்து வீட்டு ஜோகி பூண்டு, பட்டாணி எல்லாம் போடுகிறவன். அவன் சம்சாரம் மாதி நல்ல மனுஷி. வெயில் ஏறியதும் மாதி ஒரு முறம் பட்டாணியைக் கொண்டுவந்து எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வாள். கமலவேணியும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். இரண்டு பேரும் உரிப்பார்கள். அங்கே மட்டும் அவள் விரல் தடுமாறாது. கட்டைவிரலால் ஒரு கீறு, சரசரவென்று முறத்தில் கொட்டும். ஏதோ பாட்டு வேறு முனகுவாள். எந்தப் பாட்டு என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. நான் போய் நின்றால் நிறுத்திவிடுவாள். யோசித்துப் பார்த்தேன். பட்டாணி உரிப்பது ஐம்பது வருஷமாகச் செய்வது. அதில் மூளைக்கு என்ன பயிற்சி? மாதியிடம் நயமாகச் சொன்னேன், பாடம் நடக்கும் நேரத்தில் வேண்டாம் என்று. "அக்கா நல்லாத்தானே இருக்குது வாத்தியாரே, வெயில்ல குந்தியிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள். படிக்காதவள். முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகுதான் கம்பளி பின்னுவது. ஒரு நூலகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முதலில் நானே கற்றேன், பிறகு அவளுக்குக் கற்பித்தேன். ஆச்சரியம், பிடித்துக்கொண்டாள்! ஊசியை விடு, நூலைச் சுற்று, இழு. ஒரே அசைவுதானே. ஒரே ஒரு குறை. நாலு கண்ணி போட்டதும் ஊசியை மடியில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், "முடிஞ்சு போச்சுன்னு நெனச்சனுங்க" என்பாள். எல்லாவற்றிலும் இதே கதைதான். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பாள். ஒரு கைக்கு வளையல் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைப்பாள். பிரச்சினை மறதியே இல்லை தம்பி. எங்கே முடிக்க வேண்டும் என்று தெரியாததுதான் பிரச்சினை. இதை அந்த டாக்டர் கண்டுபிடிக்கவில்லை. நான் கண்டுபிடித்தேன். அதற்கு ஒரு விதியும் செய்தேன். நான் "போதும்" என்று சொல்லும் வரை எதையும் நிறுத்தக் கூடாது. இவ்வளவுதான். தினமும் காலையில் எழுந்ததும் அவளையே சொல்லவைத்தேன், வாய்ப்பாடு மாதிரி.

பஸ் கிளம்பிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் மூடிக்கொள்ளட்டுமா? கல்லாறு தாண்டினால் காற்று மாறும்.

எங்கே விட்டேன்? விதி. அந்த விதி எப்படி வேலை செய்தது என்கிறீர்கள்! முதல் சில நாள் நடுநடுவே தலையைத் தூக்கி, "ஏனுங்க, நிறுத்தட்டுங்களா?" என்று கேட்பாள். இன்னும் இல்லை என்பேன். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். முன்னேற்றம். காலையில் நாற்காலியில் உட்கார வைத்தால் பின்னிக்கொண்டே இருப்பாள். நான் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, பேப்பர் படித்துவிட்டு, கடைக்குப் போய்விட்டு வந்தால் அப்படியே பின்னிக்கொண்டிருப்பாள். வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது! கடைசிக் கண்ணிகளை எப்படி மூடி முடிப்பது என்று நான் இன்னும் கற்கவில்லை, அது புத்தகத்தில் பின்னால் வருகிறது. அதனால் அவள் பின்னின மஃப்ளர் நீண்டது. நாற்காலியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து சமையலறை வாசலுக்கு. பொங்கலுக்கு வந்த தேன்மொழி அதைப் பார்த்து, "இது மஃப்ளருங்களா, மேட்டுப்பாளையம் ரோடுங்களா?" என்றாள். நானும் சிரித்தேன். அவள் அதைக் கையில் எடுத்து நீவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நூல் பழுப்பாகக் காய்ந்திருந்தது. அங்கேயே நின்றாள். அம்மாவின் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, விரலெல்லாம் வெடிச்சு ரத்தம் வந்திருக்குது. நீங்க பாக்கவே இல்லீங்களா?"

"குளிருக்கு எல்லாருக்கும் வெடிக்கும். வாஸலின் போடலாம்."

"அம்மா, வலிக்குதுன்னு நீங்க சொல்லலீங்களா?"

கமலவேணி என்னைப் பார்த்தாள். "அவுரு இன்னும் சொல்லுலியே" என்றாள்.

அவளையே கேட்டதற்கு என்னைச் சொன்னாள், பாருங்கள். அதை வைத்துக்கொண்டு மகள் என்னிடம் சண்டை பிடித்தாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். வீடு மாறினால் குழப்பம் அதிகமாகும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் என்று நான் சொன்னேன். அது உண்மை. அம்மாவை என்னிடமே விட்டுவிட்டாள். போகும்போது ஊசி இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னுடைய ஊசிகள்.

மறுபடி அவளே. இரண்டாவது தரம் அடிக்கிறாள். இனிமேல் மலை ஏறினால் சிக்னல் வராது, தானாகவே ஓய்ந்துவிடும். பாருங்கள், நின்றுவிட்டது. கோபமாக இருந்தால் விடாமல் கூப்பிடுவாள். காலையில் அவளுக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம், அதுவாக இருக்கும்.

ஊசி போனால் என்ன? தோட்டம் இருக்கிறதே. வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் போட்டிருந்தேன். உறைபனி பட்டால் பீன்ஸ் கருகிவிடும். கருகுவது பனியால் மட்டும் இல்லை, அதன் மேல் சட்டென்று வெயில் படுவதாலும்தான். அதனால் வெயில் வருவதற்கு முன்னால் இலை மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான், ஜோகிகூடச் செய்வான். இதைக் கமலவேணிக்குப் புதுப் பொழுதுபோக்காகக் கொடுத்தேன். காலையில் எழுவது, நல்ல காற்று, செடி, தண்ணீர். இதைவிட ஒரு நோயாளிக்கு என்ன வேண்டும்? நான் நோயாளி என்று சொல்லவில்லை. அவர்கள் சொல்கிறபடி சொல்கிறேன்.

ஒரு நாள் விடியற்காலையில் இந்த வருஷத்திலேயே கடுமையான உறைபனி. பள்ளம் பூராவும் வெள்ளை. புல்லை மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். என் இரண்டு வெப்பமானிக்கும் உள்ள வித்தியாசம், அடடா, பாடப் புத்தகத்தில் போட வேண்டிய வித்தியாசம்! ஸ்வெட்டர் போட்டு, குல்லாய் போட்டு, அவளைக் கொண்டுபோய்ச் செடிப் பக்கத்தில் நிறுத்தி, தண்ணீர் ஓஸைக் கையில் கொடுத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். "எது வரைக்கும்?" என்றேன். "நீங்க போதும்னு சொல்ற வரைக்கும்" என்றாள். சுத்தமாகச் சொன்னாள்.

வேலி ஓரம் ஜோகி நின்றிருந்தான். "வாத்தியாரே, ராத்திரி நல்லா பனி விழுந்திருக்குது" என்றான். இருபது வருஷமாகப் பக்கத்து வீடு. இருபது வருஷமாக அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு, இவ்வளவு நல்ல உதாரணம் கண் முன்னால் கிடக்கும்போது விடக்கூடாது என்று வேலியைத் தாண்டிப் போனேன். அவன் வீட்டு அடுப்படியில் உட்கார வைத்தான், டீ கொடுத்தான். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படம் போட்டேன். இது தரை, இது வானம், இந்த அம்புக்குறி வெப்பம். அவன் கேள்விகூடக் கேட்டான், மேகம் இருந்தால் ஏன் பனி இல்லை என்று. நல்ல கேள்வி. மேகம் ஒரு போர்வை என்று ஆரம்பித்தேன். கடைசியில், "சரிங்க வாத்தியாரே, விழுகல, மொளைக்குது. ஆளை விடுங்க" என்றான். அது சரியான சொல் இல்லை, ஆனாலும் இருபது வருஷத்தில் அவ்வளவு தூரம் வந்தது பெரிது. இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாதி கத்தும் சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டின் நிழல் விழுகிற பக்கம் அது. வெயில் அங்கே வரவே வெகு நேரமாகும். நான் நிறுத்தின இடத்திலேயே நின்றிருந்தாள். செருப்பு எங்கேயோ கிடந்தது. ஓஸ் கீழே தொங்கி, தண்ணீர் முழுக்க அவள் பாதத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. உதடு நீலம். மாதி ஓஸைப் பிடுங்கப் பார்க்கிறாள், இவள் விடவில்லை. நான் ஓடினேன். தம்பி, நான் ஓடினேன், என் வயதுக்கு. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டாள். வெகு நாளாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டாள்.

"நிறுத்தட்டுங்களா?"

போதும் என்றேன். உடனே விட்டுவிட்டாள்.

அவளுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. இது மருத்துவ உண்மை. இடது காலில் இரண்டு விரல் கறுத்துப் போய், கோயமுத்தூரில் எடுத்துவிட்டார்கள். தையல் இன்னும் முழுதாக ஆறவில்லை. பாதத்தை ஊன்றக் கூடாது, அதிக நேரம் நிற்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே துடியலூருக்குக் கூட்டிப்போய்விட்டாள் என் மகள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊட்டிக் குளிரில் எங்கள் பள்ளத்தில் ஒருவன் தனியாக இருக்கிறானே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒன்று சொல்கிறேன், ஜோகியின் பீன்ஸ் பாதி கருகிவிட்டது. எங்கள் செடியில் ஒரு இலைகூடக் கருகவில்லை. இதையும் மகளிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம், ஆனால் எதுவும் கற்றுக்கொடுக்கக் கூடாது. இது எனக்குப் போட்ட நிபந்தனை. ஒரு ஆசிரியனுக்கு! இன்றைக்குக் கையில் ஒரு மவுத் ஆர்கன் கொண்டுபோயிருந்தேன், சின்னது. வாசலிலேயே வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டாள். அதுதான் காலையில் நடந்த வாக்குவாதம். மற்றபடி நான் வாயே திறக்கவில்லை. கமலவேணி கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மகள் வாங்கிப் போட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு காயை எடுத்து நானும் உரித்தேன். என் காயை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பிடி இல்லீங்க" என்று கீறிக் காட்டினாள். என்னை யாரென்று தெரிந்ததா என்று கேட்காதீர்கள். பெயர் சொல்லவில்லை. "வாத்தியாரு வந்திருக்காரு" என்று மகளிடம் சொன்னாள். அது சரிதானே? வாத்தியார்தானே?

பர்லியார் தாண்டிவிட்டோம். உங்கள் சின்னவன் தூங்கிவிட்டான் பாருங்கள், குல்லாயை மாட்டிவிடுங்கள்.

கிளம்பும்போதுதான் ஒன்று நடந்தது. அதைச் சொன்னால் என் முறை தவறா சரியா என்று உங்களுக்கே விளங்கும். தேன்மொழி எனக்குத் தயிர்சாதம் கட்ட உள்ளே போயிருந்தாள். கமலவேணி சுவரைப் பிடித்துக்கொண்டே என் பின்னால் கேட் வரைக்கும் வந்துவிட்டாள். வந்து, சும்மா நின்றாள். முகத்தில் ஒன்றுமில்லை. யாரோ கேஸ்காரன் போகிறான் என்பது மாதிரி. கல்யாணமான புதிதில் நான் பள்ளிக்கூடம் போகும்போது திருப்பம் வரும் வரை கை ஆட்டுவாள், தம்பி. தெருவே சிரிக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் வலது கையைப் பிடித்து மேலே தூக்கினேன். கையை ஆட்டு என்றேன். ஆட்டினாள். இது கற்றுக்கொடுப்பது ஆகாது, இல்லையா? புருஷனுக்கு மனைவி விடைகொடுப்பது புதுப் பழக்கம் இல்லையே. தயிர்சாதத்துக்குக்கூட நிற்கவில்லை, ஆட்டோ வந்துவிட்டது. திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பழைய மாதிரியே.

ஆகவே சொல்கிறேன், என்னோடு இருந்தால் அவள் தேறுவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசிக் கூட்டிக்கொண்டு வந்துவிடப் போகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள். 

குன்னூர் வந்துவிட்டது. போன் அடிக்கிறது பாருங்கள், சிக்னல் வந்ததுமே. எடுக்கச் சொல்கிறீர்களா? சரி, நீங்கள் சொல்வதால் எடுக்கிறேன்.

"சொல்லும்மா தேனு… மலை ஏறிக்கிட்டிருந்தேன், சிக்னல் இல்லை… ஆமா, ஒருத்தரோட பேசிக்கிட்டிருந்தேன்… யாரு?… கேட்டுலயா?… இன்னுமா?… நீ கையைப் பிடிச்சு இறக்க வேண்டியதுதானே… மாப்பிள்ளை தூக்கிட்டு வரப் பார்த்தாரா… கால் கட்டு நனைஞ்சிருக்கா… எப்படி? இந்தக் கையை அந்தக் கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டா?… சரி. சரி, அழாதே. போனை அவ காதுல வை… கமலம். நான்தான்… நான்தான், வாத்தியாரு… போதும்."

கையை இறக்கிவிட்டாளாம்.